காஸ் என்ன, பெட்ரோலா?

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கடைசியாக எப்போது காஸ் போட்டீர்கள்?

அநேகமாக ஞாபகமே இருக்காது. பல வீடுகளில் வாங்கின நாளிலிருந்து போட்டதே இல்லை. கல்யாணத்துக்குச் சீராக வந்த ஃப்ரிட்ஜ், பையன் பத்தாம் வகுப்பு எழுதுகிற வரைக்கும் அதே காஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல், வருஷத்துக்கு 365 நாளும்.

சரி, உங்கள் வீட்டு ஏ.சி.க்குக் கடைசியாக எப்போது காஸ் போட்டீர்கள்?

இதற்கு மட்டும் பதில் டக்கென்று வரும். போன வருஷம். அதற்கு முந்தின வருஷமும் போட்டோம். அடுத்த வருஷமும் போடுவோம்.

இரண்டும் ஒரே தத்துவத்தில் ஓடுகிற மெஷின்கள். ஒன்று பெட்டிக்குள் இருக்கிற தக்காளியைக் குளிர வைக்கிறது. இன்னொன்று அறைக்குள் இருக்கிற நம்மைக் குளிர வைக்கிறது. ஆனால் ஒன்று பதினைந்து வருஷம் தாங்குகிறது, இன்னொன்று ஒவ்வொரு அக்னி நட்சத்திரத்துக்கும் கை நீட்டுகிறது. ஏன் என்று நாம் யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் ஒரு தொழிலே நடக்கிறது.

அடிப்படையான விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.சி.யில் இருக்கும் காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற சமாசாரம் கிடையாது. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரைப் போல அது ஒரு சுமை தூக்கும் ஆள். அறைக்குள் இருக்கும் சூட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே போகும். வெளியே இருக்கிற பெட்டியில் அதை இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும். மறுபடி ஏற்றும், மறுபடி இறக்கும். மூடிய குழாய்க்குள் இதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எத்தனை வருஷம் ஓடினாலும் ஒரு கிராம்கூடச் செலவாகாது.

அப்படியானால் 'காஸ் கம்மியாயிடுச்சு சார்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஓட்டை.

நான் படித்தது பி.காம். மெஷின் படிப்பு கிடையாது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் தேவையில்லை, கணக்குப்பிள்ளை புத்தி போதும். கல்லாவில் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்றால், பாங்கிலிருந்து ஆயிரம் எடுத்துப் போட்டுக் கல்லாவைச் சரி செய்துவிடுவோமா? அது எங்கே போனது என்றுதானே முதலில் பார்ப்போம்? வருஷா வருஷம் ஆயிரம் குறைந்து, வருஷா வருஷம் ஆயிரம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தால் அந்த முதலாளியை ஊர் என்ன சொல்லும்? ஏ.சி. விஷயத்தில் நாமெல்லாம் அந்த முதலாளிகள்.

இனி, வெயில் காலத்தில் அதிகம் கேட்கிற புகாருக்கு வருவோம்.

மத்தியானம் ஏ.சி. போடுகிறீர்கள். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. பிறகு காற்று மட்டும் வருகிறது, குளிர்ச்சி இல்லை. பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் வெளியே இருக்கிற பெட்டி நின்றுபோயிருக்கிறது. கிட்டே போனால் அனல் அடிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒழுங்காக ஓடுகிறது.

இது கம்ப்ரஸர் சூடாகி நிற்பது. கம்ப்ரஸர் எரிந்து போய்விடக் கூடாது என்பதற்காக, சூடு எல்லை மீறினால் கரண்ட்டைத் துண்டிக்கிற ஒரு சின்னப் பாதுகாப்பு அதில் வைத்திருக்கிறார்கள். ஆறினதும் அதுவே சேர்ந்துகொள்ளும். இன்வெர்ட்டர் ஏ.சி.யாக இருந்தால் நிற்பதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துப் பார்க்கும். முடியாதபோது நின்று, ஒரு எழுத்தும் எண்ணும் காட்டும்.

அதாவது இது காய்ச்சல். நோயல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எதைக் கேட்டாலும் குளுக்கோஸ் ஏற்றுகிற டாக்டர் இருப்பார் இல்லையா, அவர்தான் வந்து இறங்கின உடனே சிலிண்டரைத் திறக்கிற மெக்கானிக்.

ஏன் சூடாகிறது? கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. அது தின்கிற மின்சாரம் சுமார் ஒன்றரை கிலோவாட். அதுவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே போக வேண்டும். ஆக மொத்தம் ஆறரை கிலோவாட். நம் வீட்டு கீசர் ஒன்று 2 கிலோவாட். மூன்று கீசர் ஒன்றாக ஓடுகிற அளவு சூட்டை, பால்கனியில் இருக்கிற அந்தப் பெட்டி காற்றில் கலந்துவிட வேண்டும். விட முடியாவிட்டால் அந்தச் சூடு அதன் தலையிலேயே விடிகிறது.

இன்னொரு விஷயம். சூடு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் இறங்கும். வெளியே 40 டிகிரி என்றால், பெட்டியின் காயிலுக்குள் இருக்கும் காஸ் அதைவிடப் பத்து, பதினைந்து டிகிரியாவது அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்குக் காஸைக் கொண்டுபோகத்தான் கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. பெட்டியைச் சுற்றியிருக்கும் காற்றே 50 டிகிரி ஆகிவிட்டால்? இன்னும் அழுத்த வேண்டும். இன்னும் கரண்ட் இழுக்கும். இன்னும் சூடாகும். ஒரு கட்டத்தில் 'போதுமடா சாமி' என்று நின்றுவிடும். ஏ.சி.க்கு எத்தனை டன் என்று அட்டையில் போடுகிறார்களே, அது வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துச் சொல்கிற கணக்கு. 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 டிகிரி. சென்னை வெயில் அந்த அட்டையைப் படித்துவிட்டு வருவதில்லை.

அப்படியானால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் அழுக்கு. உள்ளே இருக்கிற ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது நாமே செய்கிற வேலை. வெளியே இருக்கிற காயில் பக்கம்தான் யாரும் போவதில்லை. தூசி, புறா இறகு, எதிர்வீட்டுக் கட்டட வேலை சிமென்ட் எல்லாம் படிந்து கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். மே மாதத்தில் கம்பளி போர்த்தி நம்மை ஓடச் சொன்னால் நாமும் மயங்கித்தான் விழுவோம்.

இரண்டாவது இடம். பெட்டியின் பின்னால் காற்று வர வழியிருக்கிறதா, முன்னால் அனல் போக வழியிருக்கிறதா? திருட்டுக்குப் பயந்து அடைத்த தகரம், மழைக்குப் பயந்து கட்டின ஷீட், முன்னால் காயப்போட்ட பெட்ஷீட்... விட்ட அனலையே திரும்ப இழுத்துக்கொண்டு தவிக்கிற பெட்டிகள் ஊரெங்கும் இருக்கின்றன.

மூன்றாவது ஃபேன். வெளிப்பெட்டி ஃபேன் சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா? சாதாரண ஏ.சி.யில் ஃபேனுக்கும் கம்ப்ரஸருக்கும் உதைத்துக் கிளப்பிவிட கெபாசிட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அது பலமிழந்தால் ஃபேன் சோம்பும், கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முக்கி முனகிச் சூடாகி நிற்கும். டப்பாவின் விலை காஸ் போடும் செலவில் ஒரு சின்னப் பங்குதான். ஒரு எச்சரிக்கை: சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். நீங்கள் கை வைக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை.

நான்காவது வோல்டேஜ். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், அதே வேலையைச் செய்யக் கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஊரே ஏ.சி. போடுகிற நேரத்தில் மட்டும் உங்கள் ஏ.சி. படுத்துக்கொண்டால் முதலில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள்.

ஐந்தாவதுதான் காஸ். ஆமாம், காஸ் குறைந்தாலும் கம்ப்ரஸர் சூடாகும். உள்ளே திரும்பி வருகிற குளிர்ந்த காஸ்தான் அதன் மோட்டாரையும் ஆற்றுகிறது. அது குறைந்தால் ஆற்றுவதற்கு ஆளில்லை. ஆனால் அறிகுறி வேறு. சாதாரண ஏ.சி.யில் காஸ் குறைந்தால் கரண்ட் வழக்கத்தைவிடக் குறைவாக ஓடும், வெளிப்பெட்டியிலிருந்து வரும் காற்றிலும் அவ்வளவு அனல் இருக்காது. காயில் அடைத்திருந்தால் கரண்ட் அதிகமாக ஓடும். ஒயரைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப் மீட்டர் அரை நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடும். சிலர் குழாயில் படிந்த ஐஸைக் காட்டி 'பாருங்க, காஸ் இல்ல' என்பார்கள். ஃபில்டர் அடைத்தாலும் ஐஸ் படியும். ஐஸ் மட்டுமே சாட்சியாகாது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? காயில் அடைத்துச் சூடாகிற ஏ.சி.க்குள் காஸையும் கூடுதலாக ஏற்றினால் அழுத்தம் இன்னும் எகிறும், சூடு இன்னும் கூடும். காய்ச்சல்காரனுக்குக் கம்பளியும் போர்த்தி அடுப்பங்கரையில் உட்கார வைத்த கதைதான்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திருவான்மியூரில் இருக்கிறார். மூன்று கோடையாக மூன்று முறை காஸ் போட்டார். ஒவ்வொரு முறையும் மூவாயிரத்தை ஒட்டி. மூன்று பில்லிலும் 'காஸ் சார்ஜிங்' என்ற இரண்டே வார்த்தை. எவ்வளவு போட்டார்கள், எந்த காஸ், எங்கே ஓட்டை... எதுவும் கிடையாது. நாலாவது வருஷம் வந்த பையன் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. சோப்பு நுரையைக் குழாய் மூட்டில் தடவினான். குமிழி வந்தது. செம்புக் குழாயின் வாயை விரித்து நட் போட்டு இறுக்குகிற இடம் அது. முதல் நாள் மாட்டினவர் சரியாக விரிக்கவில்லை. வெட்டி, புதிதாக விரித்து இறுக்கி, அளந்து காஸ் போட்டான். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு காஸ் செலவே இல்லை.

ஃப்ரிட்ஜ் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் குழாய் முழுவதும் ஃபாக்டரியிலேயே பற்றவைத்து மூடி வருகிறது. ஸ்பிளிட் ஏ.சி.யின் மூட்டுகளை நம் வீட்டில், நம் ஏணியில் நின்று, ஒருவர் கையால் போடுகிறார். அந்தக் கை ஒழுங்காக வேலை செய்தால் ஏ.சி.யும் வருஷக்கணக்கில் காஸ் கேட்காது. கடலோர உப்புக்காற்று காயிலை அரித்து ஓட்டை விழுவது தனிக்கதை. அதையும் கண்டுபிடித்து அடைக்க வேண்டுமே தவிர மூடி மறைக்கக் கூடாது.

அந்தக் கை ஏன் ஒழுங்காக வேலை செய்வதில்லை?

மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. நாலாவது மாடி சன்ஷேடில், இடுப்பில் ஒரு பெல்ட்கூட இல்லாமல், உச்சி வெயிலில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற பையன் அவன். மாட்டுகிற வேலையைக் கம்பெனி ஏஜென்ஸிக்கு விடுகிறது, ஏஜென்ஸி இன்னொருவருக்கு விடுகிறது. கடைசியில் இவனுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு இரண்டு மாட்டினால் ஒரு காசு, ஐந்து மாட்டினால் வேறு காசு. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க நேரமாகும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. ரிப்பேருக்குப் போனால் விசிட் சார்ஜில் அவனுக்குக் கிடைப்பது சொற்பம், காஸ் போட்டால் பங்கு உண்டு. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும். இதற்கு பி.காம்.கூட வேண்டாம்.

கம்பெனிகள் என்ன செய்கின்றன? 'கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். காஸுக்கு எவ்வளவு காலம், காயிலுக்கு எவ்வளவு, மாட்டின வேலைக்கு எவ்வளவு என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஏ.சி. நன்றாக இருந்தும் மாட்டின மூட்டு சரியில்லை என்றால் அது யார் பொறுப்பு? உங்கள் பொறுப்பு. பெட்டியை விற்கிறவர்கள் அந்த மூட்டுக்கும் சேர்த்து, குறைந்தபட்சம் ஐந்து வருஷமாவது பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். மறுநாளே மாட்டுகிற பையனுக்குப் பயிற்சியும் பெல்ட்டும் சரியான கூலியும் வந்து சேரும்.

ஃபிளாட் கட்டுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. பிளானில் பூஜை அறைக்கு இடம் இருக்கிறது, ஷூ ரேக்குக்கு இடம் இருக்கிறது. மூன்று கீசர் அளவு அனல் கக்கப்போகிற பெட்டிக்கு மட்டும் இடம் யோசிப்பதில்லை. பாத்ரூம் குழாய் போகிற குறுகின சந்தில் மாடிக்கு ஒன்றாக, ஒன்றன் தலைமேல் ஒன்றாக மாட்டிவிடுகிறார்கள். கீழ்வீட்டு அனல் மேல்வீட்டுப் பெட்டிக்குள் போகிறது. பத்துப் பெட்டி சேர்ந்தால் 65 கிலோவாட், காற்றோட்டமே இல்லாத சந்துக்குள்! மேல்மாடிக்காரர் எத்தனை சிலிண்டர் காஸ் போட்டாலும் அந்த ஏ.சி. நிற்கத்தான் செய்யும்.

கடைசியாக நாம். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடாத டாக்டரை நமக்குப் பிடிக்காது. தொட்டுப் பார்த்து, 'ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கினால் மனசு ஆறுவதில்லை. அதேதான் இங்கேயும். ஒரு மெக்கானிக் முக்கால் மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்து, 'காஸ் சரியா இருக்கு சார், அந்தத் தகரத்தை எடுங்க போதும்' என்று சொல்லி ஐநூறு ரூபாய் கேட்டால், 'பார்த்ததுக்கே ஐநூறா?' என்கிறோம். சிலிண்டரைத் தூக்கி வந்து உஸ்ஸென்று சத்தம் காட்டினவருக்கு மூவாயிரத்தை எண்ணிக் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு கொடுக்கப் பழகியிருக்கிறோம், அறிவுக்குக் கொடுக்கப் பழகவில்லை. நேர்மையான மெக்கானிக் நம்மிடம் பிழைக்க முடியாமல் போவதற்கு நாமும் காரணம்.

'போனால் போகிறது, மூவாயிரம்தானே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய பெரும்பாலான புது ஏ.சி.களில் இருப்பது ஆர்-32. அது தீப்பிடிக்கக் கூடிய வகை, லேசாகத்தான் என்றாலும். சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 நம் சமையல் காஸ் சிலிண்டரிலும் இருக்கிற புரொப்பேன்தான், நன்றாகவே எரியும். ஓட்டையை அடைக்காமல் மேலே மேலே நிரப்புவது பணப் பிரச்னை மட்டுமில்லை. ஓட்டை தேட நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து யாராவது ஆக்ஸிஜன் ஏற்றினால், கம்ப்ரஸர் எண்ணெயோடு அது சேர்ந்து வெடிக்கும். 'எதுவா இருந்தா என்ன, காஸ்தானே' என்று பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறு காஸை ஏற்றுவதும் விளையாட்டுக் காரியமில்லை.

ஒழுகின காஸ் எங்கே போகிறது? மேலேதான். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-32 கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. முந்தின தலைமுறை ஆர்-410ஏ இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். இந்த வகை வாயுக்களைக் குறைப்பதாக 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. டெல்லியில் கையெழுத்துப் போடுகிறோம், திருவான்மியூரில் ஓட்டைக் குழாய்க்குள் ஊற்றுகிறோம். வெயில் ஏறுகிறதே என்று ஏ.சி. வாங்கி, அந்த ஏ.சி.யை ஒழுகவிட்டு வெயிலை இன்னும் ஏற்றுகிறோம்.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் 'காஸ் போடணும்' என்று சொன்னால் சண்டை வேண்டாம். மரியாதையாக நாலு கேள்வி கேளுங்கள்.

'தம்பி, எவ்வளவு ஆம்ப்ஸ் ஓடுது, பெட்டியில எவ்வளவுன்னு போட்டிருக்கு?'

'காஸ் கம்மின்னா ஓட்டை எங்க? காட்டுங்க.'

'ஓட்டையை அடைச்சு, வேக்யூம் எடுத்துட்டுத்தானே போடுவீங்க?'

'பெட்டியில போட்டிருக்கிற காஸையே, எடை மெஷின்ல வெச்சு அளந்துதானே போடுவீங்க?'

காஸின் பெயரும் கிராம் கணக்கும் வெளிப்பெட்டி ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். போட்ட காஸின் பெயர், எடை, ஓட்டை இருந்த இடம் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவருக்கு, பார்த்த கூலி ஐநூறை பேரம் பேசாமல் கொடுங்கள். எழுதித் தர மறுத்தால், வீண் காஸுக்குப் பில் போட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கும் சேர்த்துத்தான் போட்டது. வெறும் 'காஸ் சார்ஜிங்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் வாதாட முடியாது. அதனால்தான் பில்லை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

தெருமுனைக் கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கினால் தராசு முள்ளைப் பார்க்கிறோம். மூவாயிரம் ரூபாய் காஸுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ள என்ன அவசியம்?